நெத்திலி காயும் தளம்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பம். உச்சி வெயில். கடலில் கால் நனைத்துவிட்டுத் திரும்பி வந்தால், என் கார் மேல் வலையை விரித்து யாரோ நெத்திலி காயப்போட்டிருக்கிறார்கள். பானெட்டிலும் கூரையிலும் விரல் வைக்க இடமில்லை.

கதவைத் திறக்கிறேன். உள்ளே அடைபட்டுக் கிடந்த அனல் முகத்தில் அறைகிறது. ஸ்டியரிங்கைத் தொட்ட கையை உடனே இழுத்துக்கொள்கிறேன். சீட் பெல்ட்டின் இரும்பு முழங்கையில் பட்டுச் சுடுகிறது. டேஷ்போர்டில் வைத்திருந்த சாக்லேட் உருகி ஏசி துவாரத்துக்குள் இறங்கியிருக்கிறது.

சற்றுத் தள்ளிக் கூடையோடு நிற்கும் பெண்ணிடம் கோபமாகவே கேட்கிறேன்.

“யாரும்மா இதை என் வண்டி மேல போட்டது?”

“நான்தான். இது நாங்க மீன் காய வெக்கிற தளம். நீ பாட்டுக்கு நடுவுல வண்டிய வுட்டுட்டுப் போயிட்ட. என் மீனு எங்க போவும்?”

குனிந்து பார்க்கிறேன். பார்க்கிங் என்று நான் நினைத்த சிமென்ட் தளம் முழுக்கச் செதில் மினுங்குகிறது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை.

“சரி, எடுங்க. நான் கிளம்பணும்.”

“இன்னும் ஈரம் கீது. காஞ்சாத்தான் எடுப்பேன்.”

“உள்ள அடுப்பு மாதிரி கொதிக்குதும்மா. இன்னும் நின்னா உக்காரவே முடியாது.”

கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அவள் வருகிறாள். திறந்த கதவு வழியே கையை விட்டு சீட்டை அழுத்திப் பார்க்கிறாள். முகம் மலர்கிறது.

“ஆமா, நல்லாத்தான் கொதிக்குது. காக்காத் தொல்லையும் இல்ல. இன்னும் ஒரு கூடை கீது, பின்னாடி கதவத் தொற.”