கூடத்துக் கணக்கும் சமையலறைக் கணக்கும்

என் அக்காள் கணவர் ராமதாஸ் நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லப்போவதைக் கேட்டால் உங்களுக்குச் சந்தேகம் வரும்.

ஜார்ஜ்டவுனில் சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர்களுக்கு வாடகை வீடு. அந்த வீட்டுக் கூடத்தில் முப்பது வருடங்களாக அத்தான் கணக்கு டியூஷன் எடுத்து வந்தார். ஒரு வெள்ளைப் பலகை, ஒரு சிவப்பு மார்க்கர், தவறு செய்தால் ஒரு பார்வை. அடித்ததே இல்லை, அந்தப் பார்வையே போதும். அந்த வட்டாரத்தில் பாதிப் பேருக்கு அவர் சார். பாசாரில் மீன் வெட்டுகிறவர்கூட கத்தியைக் கீழே வைத்துவிட்டு “வாங்க சார்” என்பார். அத்தான் தலை ஒரு விரற்கடை உயரும். அவரைச் சீண்ட எனக்கு அது போதும், மைத்துனிக்கு இல்லாத உரிமையா?

அக்காள் சந்திரிகா பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்து, இந்த வருடம்தான் ஓய்வு பெற்றாள். அவளுக்குக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரத் தெரியாது. ஜூன் மாதம், பழ சீசன். பாலிக் பூலாவிலிருந்து வந்த ரம்புத்தானைச் சமையலறை மேசையில் கொட்டி, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டு எடை போடச் சொன்னாள். எடைகளை மடிக்கணினியில் கட்டம் கட்டமாகப் போடச் சொன்னாள். அது உடனே கலர் கலராகப் படம் வரைந்து காட்டியதும் பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள்.

பிறகு டுரியான் வந்தது, மங்குஸ்தீன் வந்தது. மங்குஸ்தீனின் அடியில் சின்னப் பூப்போல ஒன்று இருக்குமே, அதன் இதழ்களை எண்ணினால் உள்ளே எத்தனை சுளை என்று உடைக்காமலேயே சொல்லிவிடலாம். பிள்ளைகள் எண்ணுவார்கள், உடைத்துச் சரிபார்ப்பார்கள், கணினியில் பதிவார்கள், அப்புறம் தின்பார்கள். இப்படி ஒரு பாடத்தை எந்தப் பிள்ளை வேண்டாம் என்று சொல்லும்?

கூடத்தில் அத்தான் பின்னம் நடத்திக்கொண்டிருப்பார், சமையலறையில் சிரிப்புச் சத்தம் கேட்கும். தண்ணீர் குடிக்கப் போன பிள்ளை திரும்பி வராது. ஒவ்வொருவராகப் போய், கடைசியில் நித்யாவும் போனாள். பத்து வயதுப் பிள்ளை, கூடத்தில் எப்போதும் முதல் வரிசை, அத்தானின் செல்லம்.

“சார், நானும் டீச்சர் கிளாஸுக்குப் போவட்டுமா?” என்று கேட்டாள்.

“போலாமே லா, யாரு வேணாம்னா?” என்று சிரித்தார். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று பாதியில் கை கழுவிவிட்டார்.

பொறாமைதான், அதற்கு வேறு பெயர் எதற்கு? வேறொரு வாத்தியாரிடம் பிள்ளைகள் போயிருந்தால் திட்டித் தீர்த்திருப்பார். கட்டிய மனைவியை என்னவென்று திட்டுவது? மெச்சவும் மனம் வரவில்லை. “வீடு முழுக்க டுரியான் நாத்தம்” என்றார். “எறும்பு வருது” என்றார். “பழத்த எண்றதெல்லாம் பாலர் பள்ளிப் பாடம்” என்றார். இரண்டு சுளையைக் கேட்டு வாங்கித் தின்றுவிட்டுத்தான் இத்தனையும் சொன்னார்.

ஜூலையில் அந்த வட்டாரத்துச் சங்கச் செயலாளர் முத்துக்குமார் வகுப்பைப் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். பிடித்திருந்தால் சங்க மண்டபத்தையும், அங்கே தூசி படிந்து கிடக்கும் கணினிகளையும் அக்காள் வகுப்புக்குத் தருவதாகப் பேச்சு. அக்காளுக்குத் தலைகால் புரியவில்லை. “எனக்கு அது கிடைக்கணும்டி” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அவள் தனக்கென்று எதையாவது கேட்டு நான் பார்த்ததே இல்லை.

அவர் வருவதற்கு முதல் நாள் சாயங்காலம் பழம் கழுவ உதவியாக நான் ஜுருவிலிருந்து வந்திருந்தேன். அக்காள் மடிக்கணினியைக் கொண்டுவந்து அத்தான் முன்னால் வைத்தாள்.

“நாளைக்குக் காட்டப்போறது. ஒரு தடவ பாத்துடுங்க. தப்பிருந்தா உங்க கண்ணுக்குத் தெரிஞ்சிடும்” என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

பத்து மங்குஸ்தீன்களின் எடை வரிசையாக இருந்தது. கீழே மொத்தம், அதற்கும் கீழே சராசரி. அத்தானின் விரல் சராசரிக்குக் கீழே போய் நின்றது. நூற்று அறுபத்து நான்கு கிராம். அந்தப் பத்தில் பெரிய பழமே நூற்றுப் பத்துக் கிராம்தான். அக்காள் சராசரி எடுக்கும்போது மொத்தத்தையும் ஒரு பழமாகச் சேர்த்துவிட்டிருந்தாள். எனக்கு இது மறுநாள்தான் விளங்கியது, அவருக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. அவர் முகத்தில் பல வாரங்களாகக் காணாத ஒரு மலர்ச்சி வந்தது. மடிக்கணினியை மெதுவாக மூடினார்.

“என்ன அத்தான், சரியா இருக்கா?” என்றேன்.

“எல்லாம் சரியா இருக்கு” என்று சமையலறைக்குக் கேட்கும்படிச் சொன்னார். “நல்லாவே செஞ்சிருக்கா.”

அவர் அக்காளைப் புகழ்ந்தபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மறுநாள் கூடம் நிறையப் பெற்றோர்கள். முத்துக்குமாருக்குப் பக்கத்து நாற்காலியில், இஸ்திரி போட்ட சட்டையோடு அத்தான். பிள்ளைகளின் கணக்கு சுவரில் பெரிதாகத் தெரிந்தது. அக்காள் விளக்கிக்கொண்டே சராசரிக்கு வந்தாள். அத்தான் நாற்காலியில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

கையில் ஒரு மங்குஸ்தீனோடு நித்யா எழுந்தாள். “டீச்சர், இது தப்பு லா.”

அக்காள் முகம் வெளுத்துவிட்டது.

“எல்லாப் பழமும் நூத்திப் பத்துக்குள்ளதான டீச்சர் இருக்கு? சராசரி மட்டும் எப்படி அதுக்கு மேல போகும்? அது பெரிய நம்பரத் தாண்டவே தாண்டாதுன்னு சார் சொல்லிக் குடுத்திருக்காரு.”

பிள்ளைகள் மடிக்கணினியை மொய்த்துக்கொண்டார்கள். எங்கே பிசகியது என்று அவர்களே தேடிப் பிடித்துத் திருத்தினார்கள். தொண்ணூறு என்று வந்ததும் ஒரே கைதட்டல். எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியது அக்காள்தான்.

“டீச்சர் தப்பையே பிடிக்குதுங்க பாருங்க, இதுதான் படிப்பு” என்றார் முத்துக்குமார். “மண்டபம் உங்களுக்குத்தான்க்கா.” பிறகு அத்தான் பக்கம் திரும்பி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். “அஸ்திவாரம் நீங்க போட்டது சார்.”

அத்தான் குனிந்து சட்டைப் பொத்தானைச் சரிசெய்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது.

எல்லோரும் போன பிறகு அக்காள் மங்குஸ்தீன் தோல்களைக் கூட்டிக்கொண்டிருந்தாள். நிமிராமலேயே கேட்டாள்.

“நேத்தே பாத்தீங்கல்ல?”

“பாத்தேன்.”

“தப்பு தெரிஞ்சிச்சில்ல?”

“தெரிஞ்சிச்சி.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

அத்தான் காலடியில் கிடந்த ஒரு தோலைப் பொறுக்கி எடுத்தார். “வயிறு எரிஞ்சிச்சி, சந்திரிகா” என்றார். “எல்லாப் பிள்ளைங்களும் உன்கிட்ட வந்துட்டாங்க. நித்யாகூட.”

அக்காள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். கத்தப்போகிறாள் என்று நினைத்தேன், கூடச் சேர்ந்து கத்த நானும் தயாராக இருந்தேன். அவள் குரல் உயரவே இல்லை.

“எனக்கு எரியலன்னு நெனச்சீங்களா? முப்பது வருஷம். ஃபேக்டரி பஸ்ஸ விட்டு எறங்கி, பசியோட வந்து, உங்க பிள்ளைங்களுக்கு மைலோ கலக்குவேன். கூடத்துல சார், சார்னு ஒரே சத்தமா இருக்கும். எனக்கும் கணக்குத் தெரியுமான்னு ஒருத்தரும் கேட்டதில்ல, தெரியும்னு நீங்களும் சொன்னதில்ல. தெனமும் எரியும்.”

அத்தான் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

“ஒரு நாளாச்சும் அந்த மைலோவுல சீனி போடாம குடுத்திருக்கேனா?”