மூன்று கட்டம் கேட்ட சுக்கெய்னா

மீனவர் குடியிருப்பான கெத் ந்தாரில் லோதோத் தெரு சுக்கெய்னா என்றால் இரண்டு பேர் உண்டு. ஒருத்தி கருவாடு போடுகிறவள். இவள் மற்றவள், கணினி படித்தவள். பாபகார் கெய்யின் நடு மகள். தாய் வழியில் பார்த்தால், நான்கு நாள் கடலில் காணாமல் போய் வடக்கே ஒதுங்கிப் பிழைத்து வந்த தெம்பா மாமாவின் தங்கை மகள்.

அந்த நான்கு நாள்தான் அவளை இதில் இறக்கியது. தெம்பாவின் மனைவி தியோர் நான்கு நாளும் மணலை விட்டு எழுந்திருக்கவில்லை. கடலில் இருக்கும் படகைக் கரையில் இருக்கிறவர்கள் போனிலேயே பார்த்துவிட வேண்டும் என்று அன்றைக்கு உட்கார்ந்த சுக்கெய்னா இரண்டு வருஷம் கழித்துத்தான் எழுந்தாள். படகில் சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி. அது தான் இருக்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். சர்வர் அதை வாங்கி, அந்தப் படகின் விவரத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளும். கரையில் யாராவது போனைத் திறந்தால், போன் சர்வரைக் கேட்கும், சர்வர் எடுத்துக் கொடுக்கும்.

படகுச் சங்கத் தலைவர் மசாம்பா தியே பொந்தோ கோலே தெருக்காரர். எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார்.

"எல்லாப் படகுலயும் பெட்டி மாட்டச் சொல்றே. சரி. போட்டியன்னிக்குக் காட்டு. கரையில நிக்கிற சனம் மொத்தமும் போன்ல படகைப் பாத்துட்டா, மறு வாரமே கடலுக்கு மாட்டிடுவோம். பாக்கலேன்னா இந்தப் பேச்சை என் வாசலுக்குக் கொண்டுவராத மகளே" என்றார்.

எங்கள் படகுப் போட்டியில் படகுகள் கரையில் கிளம்பி, ஆற்றின் மேல்பக்கம் போய், வளைவுக்கு அந்தப் பக்கம் நட்டிருக்கும் மூங்கிலைச் சுற்றித் திரும்ப வேண்டும். நடுவில் இருபது நிமிஷம் ஒரு படகும் கண்ணுக்குத் தெரியாது. அந்த இருபது நிமிஷம் பாதிப் பேருக்கு மூச்சு நின்றுவிடும், மீதிப் பேர் பொய் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அந்த இருபது நிமிஷத்தைத்தான் சுக்கெய்னா போனில் காட்ட வேண்டும்.

அன்றைக்குக் காலையிலேயே கரையில் கால் வைக்க இடமில்லை. பாலத்தில் ஆள், கூரையில் ஆள், விளக்குக் கம்பத்தில்கூட ஆள். சபார் மேளம் காதைப் பிளந்தது. சங்கத்துக் கொட்டகையின் கீழ் சுக்கெய்னா மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ந்தியாகா ஸெக் வந்து ஒரு பெட்ரோல் கேனைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். அவன் தாக் தெரு மோட்டார் மெக்கானிக். கெய் குடும்பத்துக்கும் ஸெக் குடும்பத்துக்கும் பாட்டன் காலத்திலிருந்தே கேலி முறை. என்ன சொன்னாலும் கோபப்படக் கூடாது.

"என்ன கெய் வீட்டம்மா, சோத்துப் பானையை வீட்டுல விட்டுட்டு வந்திட்டியே, பசிக்காதா?"

"ஸெக் வீட்டாளு பக்கத்துல இருந்தா பானை மிஞ்சுமா? அதான் பூட்டிட்டு வந்தேன்."

"பூட்டு. இன்னிக்குத் தாக் ஜெயிச்சதும் உன் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்கத்தான் வந்திருக்கேன்."

முதல் சுற்றில் ஆறு படகு. சீழ்க்கை ஊதியதும் துடுப்புகள் ஒரே மாதிரி எழும்பி விழுந்தன. படகுகள் வளைவில் மறைந்தன. கரையில் ஆயிரக்கணக்கான கைகள் போனைத் தூக்கின.

போனில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"எங்கடீ படகு?"

"மாவாட்டுது பாரு, மாவாட்டுது!"

"ஏ சுக்கெய்னா, உன் பெட்டிக்குத் தலை சுத்துதாம், எலுமிச்சங்காய் குடு!"

படகுகள் திரும்பி வந்து, ஜெயித்தவன் தண்ணீரில் குதித்துக் கும்மாளம் போட்ட பிறகும் பல போன்களில் அந்த வட்டம் நிற்கவில்லை. மசாம்பா தியே தன் போனை உள்ளங்கையில் வைத்து ஒரு தரம் பார்த்தார். அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவர் திட்டியிருந்தால்கூடச் சுக்கெய்னாவுக்குத் தேவலாமாக இருந்திருக்கும்.

மடிக்கணினியைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒவ்வொரு படகுக்கும் அவள் நாற்பத்துமூன்று கட்டம் வைத்திருந்தாள். படகின் பெயர், பக்கத்தில் தீட்டிய சித்திரத்தின் படம், சொந்தக்காரர், சுக்கான் பிடிப்பவர், துடுப்புக்காரர் ஒவ்வொருவரும் யார் வீட்டுப் பிள்ளை, தாய் பெயர், மனைவியின் போன் நம்பர், மிதவைச் சட்டை எத்தனை, பெட்டியின் நம்பர், கடைசியாக நின்ற இடம், நேரம். போன் கேட்கும்போது நாற்பத்துமூன்றையும் கட்டிக் கொடு என்றுதான் எழுதியிருந்தாள். எங்கள் பக்கத்து வளர்ப்பு அப்படி. ஒருவரைப் பார்த்தால் அவர் நலமா, தாய் நலமா, பிள்ளைகள் நலமா, வேலை நலமா என்று ஒருவரும் விடாமல் கேட்க வேண்டும். ஒரு பெயர் விட்டுப்போனால் மரியாதைக் குறைவு. வீட்டு மாடியில் பத்துப் போனை வைத்துப் பார்த்தபோது எல்லாம் வந்தது. இங்கே ஆயிரக்கணக்கான போன்கள் நாலு நொடிக்கு ஒரு தரம், ஆறு படகின் மாமியார் வரைக்கும் விசாரித்துக்கொண்டிருந்தன.

அந்த நேரம் பார்த்துத் தியோர் மாமி கூட்டத்தை முழங்கையால் பிளந்துகொண்டு வந்தாள். மீன் கூடைக்காரி, வரப் பிந்திவிட்டது. ஆட்டைக் கண்டால்கூட நலம் விசாரிக்காமல் தாண்ட மாட்டாள் மாமி. அன்றைக்கு யாருக்கும் சலாம் இல்லை, வணக்கம் இல்லை.

"எங்க வருது? எவன் முன்னால?"

அவ்வளவுதான் கேட்டாள்.

சுக்கெய்னா நிமிர்ந்து பார்த்தாள். தெம்பா மாமா முகத்துவாரத்தைத் தாண்டும் காலைகளிலும் மாமி இப்படித்தான். அலை அடிக்கும் வாசலில் படகு நிற்கும்போது கரையில் எந்தப் பெண் நலம் விசாரித்திருக்கிறாள்? தாண்டியதா என்ற ஒரு கேள்விதான்.

"மூணு போதும்!" என்று கத்தினாள் சுக்கெய்னா.

"என்ன மூணு? கோழியா?" என்றான் ந்தியாகா.

"பேரு, இடம், நேரம். இந்த மூணு கட்டத்தை மட்டும் குடுன்னு கேட்டாப் போதும். மிச்ச நாப்பதும் வீட்டுல இருக்கட்டும்!"

கேள்வியோடு கூடவே, எந்தெந்தக் கட்டம் வேண்டும் என்று பெயர் சொல்லி அனுப்பினால் சர்வர் அதை மட்டும் எடுத்துக் கொடுக்கும். அந்த வசதியை அவளே ஒரு வருஷத்துக்கு முன் போட்டு வைத்திருந்தாள். கேட்கத்தான் இல்லை. விரல்கள் பறந்தன. நான்கு நிமிஷம் ஆனது. ஒலிபெருக்கிக்காரனிடம் ஓடினாள்.

"பக்கத்தை மூடிட்டுத் திரும்பத் திறங்க! எல்லாரும்! திரும்பத் திறங்க!"

இரண்டாம் சுற்றுப் படகுகள் வளைவில் மறைந்தன. கைகள் மறுபடி போனைத் தூக்கின. பிறகு பாலத்தின் மேலிருந்து ஒரு கூச்சல். கூரைகளிலிருந்து இன்னொன்று. ஆறு புள்ளிகள் போனில் ஆற்றின் மேல் குடுகுடுவென்று ஓடிக்கொண்டிருந்தன.

"நம்ம ஆளு ரெண்டாவது! ரெண்டாவதுடா!"

"மூங்கிலைச் சுத்திட்டான்! கண்ணால பாக்கறேன்!"

தியோர் மாமி போனைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஆட ஆரம்பித்தாள். மசாம்பா தியே போனைத் திரும்ப வெளியே எடுத்தார். புள்ளிகளைப் பார்த்தார். "ம்" என்றார். அது போதாது என்று அவளுக்குத் தெரியும். இறுதிச் சுற்று இருக்கிறது. லோதோவுக்கும் தாக்குக்கும்.

இறுதிச் சுற்றுக்குக் கொஞ்சம் முன்னால் தாக் படகில் குழப்பம். அவர்கள் சுக்கான்காரர் பிரான் ஃபாய்க்கு மணிக்கட்டு பிசகிவிட்டது. அவர் தம்பி மோதூ பிடிப்பதாக முடிவானது. சங்கத்தின் சட்டம் கறாரானது. சுக்கெய்னாவின் கணினியில் இருக்கும் பதிவில் எவன் பெயரோ அவன்தான் சுக்கானில் இருக்க வேண்டும். மாறியிருந்தால் ஜெயித்தாலும் செல்லாது.

"மாத்தும்மா, மாத்தும்மா, படகு கிளம்புது!" என்று பரபரத்தான் ந்தியாகா.

சுக்கெய்னா தாக் படகின் விவரத்தைத் திறந்தாள். அவசரத்தில் சுக்கான்காரர் கட்டத்தில் மட்டும் கண் வைத்து மோதூவின் பெயரைப் போட்டாள். சேமி என்று அழுத்தினாள். சீழ்க்கை ஊதியது.

வளைவு வரைக்கும் தாக் படகு அரைப் படகு முன்னால். மறைந்தது. போனில் லோதோப் புள்ளி ஓடிக்கொண்டிருந்தது. தாக் புள்ளி இல்லை.

கரையில் எழுந்த சத்தத்தை இன்றைக்கும் கேட்டவர்கள் சொல்வார்கள்.

"எங்க படகு எங்க?"

"லோதோப் பொண்ணு மறைச்சுட்டா! தோக்கறது தெரியாம இருக்க மறைச்சுட்டா!"

தாக் பெண்கள் கொட்டகையைச் சூழ்ந்துகொண்டார்கள். ந்தியாகாகூடச் சிரிக்கவில்லை. "சுக்கெய்னா, கேலி வேற, இது வேற. எங்க ஆளுங்களைக் காட்டு" என்றான்.

அவள் விவரத்தைத் திறந்தாள். பெயர் இருக்கிறது, கிளம்புமுன் நின்ற பழைய இடம் இருக்கிறது, பழைய நேரம் இருக்கிறது, மோதூ ஃபாய் இருக்கிறான். மற்றதெல்லாம் வெறுமை. விவரம் திருத்தும் திரையும் அதே கேள்வியைத்தான் கேட்கிறது! அதற்கும் மூன்று கட்டம்தான் வந்திருக்கிறது. அதில் மோதூவின் பெயரைச் சேர்த்து முழுப் படகும் இதுதான் என்று இவள் திருப்பி அனுப்ப, சர்வர் சொன்ன பேச்சைக் கேட்டு மிச்சத்தை எல்லாம் துடைத்துவிட்டது. பெட்டியின் நம்பரும் போய்விட்டது. ஆற்றில் பெட்டி கத்திக்கொண்டிருக்கிறது, அது எந்தப் படகின் குரல் என்று சர்வருக்குத் தெரியவில்லை; பழசாகிப்போன இடத்தைப் போன் புள்ளியாகக் காட்டாது.

காலையில் எடுத்து வைத்த நகல் இருந்தது. கை அதற்கு ஓடியது. முழுதாகத் தூக்கிப் போட்டால் எல்லாம் வந்துவிடும். விரல் பொத்தானைத் தொடப் போய் நின்றது.

அந்த நகலில் சுக்கான்காரர் பழையவர், பிரான். அதை அப்படியே போட்டால் மோதூவின் பெயர் அழிந்துபோகும். தாக் ஜெயித்தாலும் செல்லாது. அதுவும் ஒரு லோதோக்காரி கையால். அதற்குப் பிறகு தாக் தெருவில் எந்தப் படகு அவள் பெட்டியை ஏற்றும்?

"சீக்கிரம்டீ!" என்று யாரோ தோளை உலுக்கினார்கள்.

"உலுக்காதீங்கக்கா, கை தவறிடும்!"

கேட்கும்போது எது வேண்டும் என்று பெயர் சொன்னாளே, அதே மாதிரி மாற்றும்போதும் சொல்லலாம். இந்த ஒரு கட்டத்தை மட்டும் தொடு, மற்றதைத் தொடாதே என்று. நகலிலிருந்து பெட்டி நம்பரை எடுத்தாள். மற்றதைப் போட்டி முடிந்ததும் இதே மாதிரி நிரப்பிக்கொள்ளலாம். தொட வேண்டிய கட்டம் பெட்டி நம்பர் என்று பெயர் எழுதினாள். ஒரு தரம் வாய்விட்டுப் படித்தாள். பிஸ்மில்லா சொல்லி அனுப்பினாள்.

ஒன்று. இரண்டு. மூன்று.

புள்ளி முளைத்தது. மூங்கிலைச் சுற்றித் திரும்பி, லோதோவுக்கு ஒரு முழுப் படகு முன்னால், தாக் வந்துகொண்டிருந்தது.

"அதோ! அதோ மோதூ!"

சுக்கெய்னா பெஞ்சின் மேல் ஏறிக் குதித்தாள். தன் தெரு தோற்கிறது என்பதே அவளுக்கு நினைவில்லை. கழுத்துத் துணி எங்கோ பறந்தது. "வர்றான், வர்றான், வாடா மோதூ!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். லோதோப் பெண்கள் அவளை வெறித்துப் பார்த்தார்கள். அவள் சொந்த அத்தையே, "இவளுக்கு வெயில் ஏறிடுச்சு, தண்ணி ஊத்துங்க" என்றாள்.

தாக் ஒரு படகு நீளத்தில் ஜெயித்தது. மசாம்பா தியே பதிவைப் பார்க்க வந்தார். சுக்கான்காரர் மோதூ ஃபாய். சுக்கானிலிருந்து இறங்கியவனும் மோதூ ஃபாய். அவர் சுக்கெய்னாவை நிமிர்ந்து பார்த்தார்.

"நடுவுல ஒரு படகு காணாமப் போச்சே?"

"நான்தான் தொலைச்சேன் மாமா. நான்தான் கண்டுபிடிச்சேன். ஒரே கட்டத்தை மாத்த வந்துட்டு எல்லாத்தையும் தொட்டுட்டேன். இனிமே எதைத் தொடணுமோ அதோட பேரைச் சொல்லாம திரை எதையுமே மாத்த விடாது. இன்னிக்கே எழுதிடறேன்."

"ஒளிக்காம சொல்றியே." அவர் தலையைச் சொறிந்துகொண்டார். "சரி. திங்கக்கிழமை பத்துப் படகுக்கு மாட்டு. முதல்ல தாக் படகு, அப்பத்தான் வாயை மூடுவாங்க."

"மாமா!"

"கத்தாதே. காது ஏற்கெனவே போயிடுச்சு."

ந்தியாகா வெற்றிக் கூட்டத்திலிருந்து நனைந்துபோய் ஓடி வந்து, "கெய் வீட்டம்மா, எங்க படகுக்காக இவ்வளவு குதிச்சியே, சோறு போடணுமா?" என்றான்.

"ரெண்டு தட்டு. மீன் பெரிசா இருக்கணும்."

திங்கட்கிழமை விடியலில் பத்துப் படகுகள் முகத்துவாரத்தை நோக்கிப் போயின. அலை வெள்ளையாகச் சீறிக்கொண்டிருந்தது. தெம்பா மாமா எட்டாவது படகில். மணலில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஒருவரும் யாரையும் நலம் விசாரிக்கவில்லை. தியோர் மாமி மட்டும் போனை முகத்துக்கு நேரே பிடித்திருந்தாள். திரையில் மூன்றே விவரம். படகின் பெயர், இடம், நேரம். புள்ளி அலைக்கு இந்தப் பக்கம் நின்றது. நின்றது. பிறகு ஒரே எக்காக எக்கி அந்தப் பக்கம் போனது.

"தாண்டிருச்சு!" என்று மாமி கத்திய கத்தலில் கடற்பறவைகள் எழும்பின.

பிறகு போனை மடியில் செருகிக்கொண்டு, பக்கத்தில் நின்ற சுக்கெய்னாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் புள்ள, நல்லா இருக்கியா? அம்மா நல்லா இருக்காளா? அப்பா? தம்பி? வீட்டுல எல்லாரும் சுகமா?"

"நல்லா இருக்காங்க மாமி. எல்லாருமே நல்லா இருக்காங்க" என்று சுக்கெய்னா ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினாள்.