நொறுங்கிய காருக்கு ஒரு நம்பர் பிளேற்

நாங்கள் மொன்றியலின் ரொக்ஸ்பரோவில் இருந்தபோது வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ரயில் ஸ்ரேசன் இருந்தது. ஆனால் அந்த ரயில் நகரத்துக்குப் போகிற ரயில். என் வேலையோ விமான நிலையம் உள்ள டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்கி அனுப்புகிற சமையற்கூடத்தில். விடிவதற்கு முன்பே அங்கே நிற்க வேண்டும். அந்த நேரத்துக்கு பஸ்ஸும் இல்லை. என்னோடு வேலைசெய்த பிலிப்பினோப் பெண் ஒருத்தி தன் வானில் என்னை ஏற்றிக்கொண்டு போவாள். இரண்டாயிரத்துகளின் நடுவில் ஒரு இலையுதிர் காலத்தில் அவள் வீடு மாறித் தூரத்து லவாலுக்குப் போனாள். அன்றைக்குத்தான் எனக்கென்று ஒரு கார் வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

என் கணவருக்கும் விமான நிலையத்தில்தான் வேலை, விமானத்தின் உட்புறம் துப்புரவு செய்வது. அவருக்கு மாலை நேர வேலை என்பதால் பஸ் போதும். கார் ஓட்டப் பழகுகிற எண்ணமே அவருக்கு இல்லை. நான் அதற்கு முந்தைய கோடையில்தான் லைசென்ஸ் எடுத்திருந்தேன்.

பக்கத்து மாகாணமான ஒன்ராறியோவில், ஸ்காபரோவில் இருந்த அக்கா தொலைபேசியில் சொன்னாள்.

"பிள்ளை, இஞ்ச ஒரு கார் விலைக்குக் கிடக்கு. அத்தான் போய்ப் பாத்தவர். எஞ்சின் நல்லாக் கிடக்காம். ஆனா ஒருக்கா அடிபட்ட கார்."

"எவ்வளவு அடி?"

"அது நீ வந்து கேள். நான் பேந்து உன்னட்டைப் பேச்சு வாங்கேலாது."

போனோம். கராஜ்காரர் ஒரு போர்த்துக்கேயர், எதையும் ஒளிக்கவில்லை. இடப்பக்கம் முழுவதும் நொறுங்கிப்போன கார் இது. திருத்துவது வீண்செலவு என்று காப்புறுதிக்காரர் கைவிட்டார்கள். ஏலத்தில் எடுத்துத் தானே மாதக்கணக்காகத் திருத்தினேன் என்று சொன்னார். ஒன்ராறியோப் பத்திரத்தில் 'மீளக் கட்டிய வாகனம்' என்று குறிப்பு விழுந்திருந்தது. அதனால்தான் விலை எங்கள் கைக்கு எட்டியது.

நான் குள்ளம். கார் பழகிய நாட்களில் முதுகுக்குத் தலையணை வைத்துத்தான் ஓட்டினேன். இந்தக் காரில் ஏறி இருந்ததும் கால் சரியாகப் பிரேக்கில் பட்டது. வெளிர்நீலம். கதவைச் சாத்தினால் சத்தம் மென்மையாக வந்தது. மனம் அப்போதே விழுந்துவிட்டது.

தற்காலிக அனுமதியோடு மொன்றியலுக்கு ஓட்டி வந்தேன். நெடுஞ்சாலையில் நான் ஓட்டிய முதல் நீண்ட பயணம் அது. பாதிவழியில், கிங்ஸ்ரன் தாண்டியதும் கணவர் பேச்சைத் தொடங்கினார்.

"என்னப்பா, ஒண்டு கேக்கட்டே?"

"கேளுங்கோ."

"இதுக்குள்ள ஆரும் செத்திருப்பினமோ?"

பக்கத்தில் ஒரு பெரிய லொறி எங்களை முந்திக்கொண்டிருந்தது. நான் ஸ்ரியறிங்கை இறுக்கிப் பிடித்தேன்.

"அந்த மனுசன் அப்பிடி ஒண்டும் சொல்லேல்லைத்தானே."

"நீர் கேட்டனீரோ?"

"இல்லை."

அவர் சட்டைப்பையிலிருந்து செபமாலையை எடுத்தார். அவர் மன்னார்க் கத்தோலிக்கர். எனக்குக் கோபம் வந்தால்கூட செபமாலையை எடுப்பவர். வீடு வந்து சேரும் வரை உதடு அசைந்துகொண்டே இருந்தது.

அந்த வாரமே வாகனப் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். ஒன்ராறியோவில் பரிசோதித்துத் தந்த சான்று கையில் இருந்ததால் அன்றைக்கே நம்பர் பிளேற்றோடு திரும்பலாம் என்று நினைத்திருந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் பத்திரத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என் பிரெஞ்சின் அளவைப் புரிந்துகொண்டு, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்: வேறு மாகாணத்தில் மீளக் கட்டிய காரை இங்கே பதிய 'தொசியே' வேண்டும், மதாம். அதாவது முழுக் கோப்பு. திருத்துவதற்கு முன்பு கார் நொறுங்கிக் கிடந்த படங்கள், மாற்றிய பாகங்களின் ரசீதுகள். அவற்றோடு அங்கீகாரம் பெற்ற இடத்தில் ஆழமான தொழில்நுட்பப் பரிசோதனை.

"படம் இல்லையெண்டால்?" என்று தட்டுத்தடுமாறிக் கேட்டேன்.

உள்ளே என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்க்கக் காரைக் கழற்ற வேண்டி வரலாம் என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகமே வாடிப்போனது. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது, கார் நிறுத்துமிடம் வரை அடக்கிக்கொண்டு போனேன்.

கராஜ்காரருக்குப் போன் எடுத்தேன். ரசீதுகள் எல்லாம் வைத்திருந்தார், உடனே ஃபாக்ஸில் அனுப்பினார். படங்கள்தான் இல்லை. அவருடைய கணினி கெட்டுப்போய் எல்லாம் அழிந்துவிட்டதாம். உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார்.

தற்காலிக அனுமதி முடிந்தது. கார் அப்பார்ட்மென்ட் கட்டடத்தின் பின்னால் நின்றது. அதன்மேல் மேப்பிள் இலைகள் விழுந்தன. வேலைக்குப் போகுமுன் யன்னலால் அதைப் பார்ப்பேன். பிறகு டாக்சிக்குப் போன் எடுப்பேன். "வித்துப்போட்டு விடுவம்" என்று கணவர் சொன்னார். "ஆர் செத்த காரோ தெரியாது."

அந்தப் பேச்சுத்தான் எனக்கு வழி காட்டியது. ஒன்ராறியோவில் பழைய கார் வாங்கினால், அது முன்பு யார் யாரிடம் இருந்தது என்ற விபரமும் தருவார்கள். எடுத்துப் பார்த்தேன். விபத்துக்கு முன் ஒரே ஒரு சொந்தக்காரி. ஊர் கோர்ன்வால், மொன்றியலில் இருந்து ஒரு மணித்தியாலத் தூரம். தொலைபேசி விசாரணையில் அந்தப் பெயரைக் கேட்டேன். அந்த ஊரில் அந்தப் பெயரில் ஒரே ஒரு இலக்கம்தான் இருந்தது.

உயிரோடு இல்லாதவரின் வீட்டில் மணி அடிக்கப்போகிறதோ என்ற பயத்தோடுதான் எண்களை அழுத்தினேன். ஒரு பெண் எடுத்தார். நான் ஆங்கிலத்தில் விடயத்தைச் சொன்னேன். அவர் குரல் உயர்ந்தது.

"என்னுடைய நீலக் காரா? அதை நசுக்கி இரும்பாக்கியிருப்பார்கள் என்றல்லவா நினைத்தேன்."

"இல்லை. என் வீட்டுப் பின்பக்கம் நிற்கிறது."

"ஓடுகிறதா?"

"நன்றாக ஓடுகிறது."

படங்கள் இருக்கின்றன என்றார். விபத்து நடந்த அடுத்த நாள் மகன் எடுத்தவை. தபாலில் அனுப்ப முடியுமா என்று கேட்டேன். தானே கொண்டுவருவதாகச் சொன்னார். காரைப் பார்க்க வேண்டுமாம். விபத்துக்குப் பிறகு எந்தக் காரையும் நான் தொட்டதில்லை, ரயிலில் வருகிறேன் என்றார்.

சனிக்கிழமை டோர்வல் ஸ்ரேசனில் நானும் கணவரும் காத்திருந்தோம். இறங்கியவர்களுள் யார் என்று தேட வேண்டியிருக்கவில்லை. என் உயரமே இருந்த, நரைத்த தலையோடு ஒரு பெண் நேராக எங்களிடம் வந்தார். ஓய்வுபெற்ற சிகையலங்காரி. எங்களைப் பார்த்ததும் ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டும் கலந்து பேசத் தொடங்கினார். எங்களோடு ரொக்ஸ்பரோவுக்கு வருவதற்கு டாக்சியில் ஏறியபோது மட்டும் பேச்சு நின்றது. என் கையைப் பிடித்துக்கொண்டார். இறங்கும் வரை விடவில்லை.

கணவருக்குப் பொறுமை இல்லை. கார் நிறுத்துமிடத்தில் இறங்கியதுமே என்னிடம், "கேளுமப்பா, கேளும்" என்றார். நான் மொழிபெயர்த்துக் கேட்டேன், அந்த விபத்தில் வேறு யாருக்கும் ஏதாவது ஆனதா என்று.

அந்தப் பெண்மணி சிரித்துவிட்டார். "பேத்தியின் ஞானஸ்நானத்துக்கு மூன்று அடுக்குக் கேக் கொண்டுபோனேன். அன்றைக்குச் செத்தது கேக்தான். எனக்கு மணிக்கட்டு முறிந்தது. கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டியில் வழுக்கி மின்கம்பத்தில் மோதினேன். காரில் நான் மட்டும்தான்."

அதை நான் தமிழில் சொன்னதும் கணவர் வானத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

படங்களைக் காரின் முன்மூடியில் பரப்பி வைத்தோம். பார்க்கவே பயமாக இருந்தது. கதவு உள்ளே மடிந்து, கண்ணாடி எல்லாம் தூள். அந்தப் படத்தையும் முன்னால் நின்ற காரையும் அந்தப் பெண்மணி மாறி மாறிப் பார்த்தார். இடப்பக்கக் கதவைக் கையால் தடவினார். பிறகு என்னைக் கேட்டார், உள்ளே இருக்கலாமா என்று.

சாரதி இருக்கையில் ஏறி இருந்தார். இருக்கையை நகர்த்தத் தேவை இருக்கவில்லை. நான் பக்கத்தில் இருந்தேன், கணவர் பின்னால். நெடுநேரம் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தவர், திடீரென்று என்னிடம் கையை நீட்டினார். திறப்பைக் கொடுத்தேன்.

எஞ்சின் சத்தம் கேட்டதும் அவர் பிரேக்கில் இருந்து காலை மெல்ல எடுத்தார். அந்த நிறுத்துமிடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, குழந்தை நடக்கிற வேகத்தில் கார் போனது. குப்பைத்தொட்டியடியில் திருப்பினார். மறுபடி வந்தார். இரண்டாம் முறை கொஞ்சம் வேகம் கூடியது. மூன்றாம் முறை அவர் ஏதோ பிரெஞ்சில் முணுமுணுத்துக்கொண்டு சிரித்தார். பின்னால் இருந்து கணவர் சொன்னார்:

"மனுசி உம்மைவிட நல்லா ஓட்டுது."

மேலே கூட்டிப்போய்ச் சோறும் மீன்குழம்பும் கொடுத்தோம். உறைப்பில் கண்ணீர் வழிய வழியச் சாப்பிட்டார். மாலை ரயிலுக்குப் போகும்போது படங்களை எல்லாம் என்னிடம் தந்துவிட்டார், தனக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. இனி அவற்றைப் பார்க்கத் தேவையில்லை என்றார்.

படங்களும் ரசீதுகளும் சேர்ந்து கோப்பு நிறைந்தது. காரை இழுவை வண்டியில் கட்டிக்கொண்டு பரிசோதனைக்குப் போனோம். அடிச்சட்டத்தை அளந்தார்கள், ஒட்டுகளைத் தட்டிப் பார்த்தார்கள். ஒரே ஒரு குறை சொன்னார்கள்: சாரதியின் இருக்கைப் பட்டி பழையது, மோதலில் இழுபட்டது, அதை மாற்ற வேண்டும். மாற்றினோம். இரண்டாம் தடவை பரிசோதித்தவர் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

பதிவு அலுவலகத்துக்கும் இழுவை வண்டியில்தான் காரைக் கொண்டுபோனோம், அங்கே அதே பெண்தான் இருந்தார். நொறுங்கிய காரின் படத்தை எடுத்துப் பார்த்து, "இதுவா?" என்று கேட்டார். நான் யன்னலுக்கு வெளியே கை காட்டினேன். எழுந்து நின்று எட்டிப் பார்த்தார். "பிராவோ, மதாம்," என்று சொல்லி நம்பர் பிளேற்றை என் கையில் வைத்தார். கணவர் அலுவலக வாசலிலேயே குந்தியிருந்து அதைப் பூட்டினார். முதற்பனி தூவத் தொடங்கியிருந்தது. ஆணி அவர் விரலில் இருந்து நழுவி நழுவி விழுந்தது. எனக்குச் சிரிப்பு, அவருக்குக் கோபம்.

அந்தக் குளிர்காலம் முழுக்க நானே என்னை வேலைக்குக் கொண்டுபோனேன். போகும் வழியில் பஸ்தரிப்பில் நின்ற இன்னொரு பெண்ணையும் ஏற்றிக்கொள்ளத் தொடங்கினேன்.

வசந்தத்தில் ஒருநாள் கோர்ன்வாலில் இருந்து போன் வந்தது. வாருங்கள், ஒரு விசயம் இருக்கிறது என்றார், என்ன என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் புறப்பட்டோம். ஊருக்குள் நுழைகிற இடத்தில், வீதியோரத்தில் ஒரு சின்னச் சிவப்புக் கார் நின்றது. கண்ணாடியை இறக்கி அவர் கை காட்டினார்.

"அட, மனுசி கார் வாங்கிட்டுது!" என்றார் கணவர்.

எங்களுக்குத் தன் வீட்டுக்கு வழி தெரியாது என்று அந்தப் பெண்மணி பின்னால் வரச் சொன்னார். சமிக்ஞை விளக்கை நேரத்தோடு போட்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் எங்களுக்காகக் காத்து, அவர் முன்னால் போனார். நாங்கள் பின்னால் போனோம்.