ஏழு நாள் உறைந்து கிடந்த உத்தரவு

பசையக்கா இயக்குநரை ஃப்ரீசருக்குள் தள்ளிப் பூட்டிவிட்டாள் என்றுதான் பேச்சு கிளம்பியது. வாசல் காவல்காரர் சொன்னபோது அது அரை மணி நேரம். தேநீர்க் கடையைத் தாண்டுகையில் இரண்டு மணி நேரமானது. பேருந்து நிறுத்தத்தை எட்டுவதற்குள் இயக்குநரின் மீசையில் பனி படிந்துவிட்டது.

விசாரித்துப் பார்த்ததில் பாதி பொய். இயக்குநருக்கு மீசையே கிடையாது. அந்த ஃப்ரீசரோ நாலு தலையணை வைத்தால் நிறைந்துவிடும். அவருடைய உடம்புக்குக் காணாது. உள்ளே போனது அவரல்ல, அவர் கையெழுத்துப் போட்ட ஒரு காகிதம். மிச்சப் பாதி முழு உண்மை.

பசையக்கா வேலை பார்ப்பது உலர்தாவரக் காப்பகத்தில். ஆராய்ச்சிக்காரர்கள் செடியைப் பூவும் வேருமாகப் பறித்து, பழைய செய்தித்தாளுக்குள் அழுத்திக் காயவைத்துக் கட்டுக்கட்டாகக் கொண்டுவருவார்கள். அதைக் கெட்டித் தாளில் ஒட்டி, எங்கே, எப்போது, யார் பறித்தது என்ற சீட்டை மூலையில் பதித்து, நூறு வருஷம் கழித்து ஒருவர் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கும்படி இரும்பு அலமாரியில் அடுக்க வேண்டும். மூன்று மாதத் தற்காலிக வேலைக்கு வந்தவள், பத்தொன்பது வருஷமாகத் தற்காலிகமாகவே இருக்கிறாள். அதற்குள் ஐந்து இயக்குநர்கள் நிரந்தரமாக வந்து நிரந்தரமாகப் போய்விட்டார்கள்.

தடித்த குச்சிகளுக்குப் பசை தாங்காது. நூலால் தைக்க வேண்டும். முடிச்சுப் போடும் வித்தை வீட்டிலேயே இருந்தது. புருஷன் தையல்காரர்.

"நான் உயிரோட இருக்கறவங்களுக்குத் தைக்கிறேன். நீ செத்ததுக்குத் தைக்கிறே," என்பார் அவர்.

"உங்க ஆளுங்கதான் இடுப்பு இறுக்குதுன்னு திரும்பி வர்றாங்க. என் ஆளு ஒண்ணாவது வந்திருக்கா?"

இவ்வளவு வாய் உள்ளவளுக்கும் ஒரு விஷயத்தில் வாய் அடைத்துப்போகும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், ஒரு கட்டைப் பிரித்தபோது செய்தித்தாள் மடிப்பில் தூள்தூளாக ஏதோ கொட்டியது. குப்பை என்று துடைப்பத்தால் கூட்டித் தள்ளிவிட்டாள். மூன்று வருஷம் கழித்து எங்கிருந்தோ ஓர் ஆராய்ச்சிக்காரி கடிதம் போட்டாள்: அந்தச் செடியின் விதை ஒன்றே ஒன்று வேண்டும், வேறெங்கும் கிடைக்கவில்லை. கூட்டித் தள்ளியது எது என்று அப்போதுதான் பசையக்காவுக்கு உறைத்தது. 'இல்லை' என்று பதில் எழுதியதும் அவள்தான். அந்த ஒரு வார்த்தைக்கு ஒரு நாள் பிடித்தது.

அன்றிலிருந்து ஒரு துணுக்கைக்கூட அவள் விட்டதில்லை. உதிர்ந்த விதை, ஒடிந்த காம்பு, பாதி இதழ், எல்லாவற்றையும் சின்னக் காகிதப் பொட்டலத்தில் மடித்து அந்தந்தத் தாளின் ஓரத்திலேயே ஒட்டிவிடுவாள்.

அப்படிப் பொட்டலம் அதிகமாக நிறைந்தது ஏழாம் அலமாரி. அதிலிருந்த ஆயிரத்து நூற்று நாற்பது தாளும் ஒரே மலைச்சரிவில் பறித்தவை. அந்தச் சரிவு இப்போது ஒரு நீர்த்தேக்கத்துக்கு அடியில் இருக்கிறது.

ஆறாவதாக வந்த இயக்குநருக்குக் கூட்ட அறை ஒன்று தேவைப்பட்டது. எதற்குக் கூட்டம் என்பதைக் கூட்டம் போட்டு முடிவு செய்வதாக இருந்தார். விளக்கும் கேமராவுமாக இரண்டு பேர் வந்து ஏழாம் அலமாரி முழுவதையும் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். அடுத்த வாரம் உத்தரவு வந்தது. படம் இருப்பதால் தாள் வேண்டியதில்லை. கூட்ட அறைக்காக அலமாரியைக் காலி செய்து தாள்களைக் கழிவில் போடவும்.

காவல்காரர்தான் உத்தரவைக் கொண்டுவந்தார். பசையக்கா வாசலிலேயே அவரை மறித்தாள்.

"காகிதமா?"

"ஆமாக்கா. இயக்குநர் குடுத்தாரு."

"யாரு குடுத்தா என்ன? கதவைப் படிங்க."

கதவில் இயக்குநரின் சுற்றறிக்கை ஒட்டியிருந்தது. போன மழைக்காலத்தில் வண்டு புகுந்து ஒரு செடிக் கட்டு முழுவதையும் அரித்துத் தின்றதால், காகிதமோ துணியோ அட்டையோ எதுவானாலும் பூச்சியும் முட்டையும் சாக ஏழு நாள் ஃப்ரீசரில் இருந்த பிறகுதான் அறைக்குள் வர வேண்டும். விதிவிலக்கு இல்லை. 'இல்லை' என்பதன் கீழே கோடு போட்டவரும் இயக்குநரே.

பசையக்கா உத்தரவைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயைக் கட்டி, தேதி எழுதி, இரண்டு செடிக் கட்டுகளுக்கு நடுவே வைத்து மூடினாள்.

மூன்றாம் நாள் இயக்குநரே வந்துவிட்டார்.

"அலமாரி ஏன் இன்னும் காலியாகல?"

"உத்தரவு என் கைக்கு இன்னும் வரல சார்."

"அனுப்பினேனே."

"வந்திருக்கு. ஃப்ரீசர்ல இருக்கு. இன்னும் நாலு நாள்."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. மூடியைத் திறக்கச் சொன்னார். பசையக்கா மூடியைத் தூக்கிப் பிடிக்க, அவர் தலையை உள்ளே விட்டுத் தன் கையெழுத்தைத் தேடினார். அந்த நேரம் பார்த்துக் காவல்காரர் எட்டிப் பார்த்தார். தலை உள்ளே, மூடி பசையக்காவின் கையில். மீசை முளைத்தது இப்படித்தான்.

"இப்ப நேர்லயே சொல்றேன். காலி பண்ணுங்க," என்றார் இயக்குநர் நிமிர்ந்து.

"எழுத்துல வேணும் சார். நீங்கதான் அதுக்கும் ஒரு சுற்றறிக்கை போட்டிருக்கீங்க."

அந்த நாட்களில் அவள் சும்மா இருக்கவில்லை. ஏழாம் அலமாரியின் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து, பொட்டலத்தைத் திறந்து, உள்ளே இருப்பதைப் பட்டியலில் எழுதினாள். எட்டாம் நாள் உத்தரவை வெளியே எடுத்தாலும், ஈரம் கோத்துக்கொள்ளும் என்று இன்னொரு நாள் பிரிக்காமல் வைத்தாள். அதுவும் விதிதான். ஒன்பதாம் நாள் பிரித்துப் படித்தாள். பிறகு பட்டியலையும் ஒரு தாளையும் எடுத்துக்கொண்டு மாடியேறினாள்.

"சார், உத்தரவு படிச்சேன். இந்தத் தாளோட படத்தைக் கம்ப்யூட்டர்ல எடுங்க."

எடுத்தார். படம் தெளிவாகத்தான் இருந்தது. இலையின் நரம்புகூடத் தெரிந்தது.

"இதுல விதை எத்தனை இருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க."

"எங்க விதை?"

"ஓரத்துல பொட்டலம் இருக்கே, அதுக்குள்ள."

இயக்குநர் படத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார்.

"எவ்வளவு பெருசாக்கினாலும் பொட்டலம்தான் சார் பெருசாகும்," என்றாள் பசையக்கா. "மூடி வெச்சே படம் புடிச்சிருக்காங்க. இந்த மாதிரி அறுநூத்துப் பதிமூணு தாள். லிஸ்ட் இதோ."

மேசைமேல் தாளை வைத்துப் பொட்டலத்தைப் பிரித்தாள். கறுப்பாக மூன்று விதை, வெங்காயச் சருகு போல ஓர் இதழ்.

"அந்த இடமே தண்ணிக்குள்ள போயாச்சு. அங்க இல்லாத செடியை இங்க வெச்சு என்ன பண்றது?"

"அங்க இல்லாததாலதான் சார் இங்க வெச்சிருக்கு. அங்க இருந்தா நானே போய்ப் பறிச்சுட்டு வந்துடுவேன்."

"நீங்க தற்காலிகம். ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்கு சார். பத்தொன்பது வருஷமா ஞாபகமாத்தான் இருக்கு. வேலையை விட்டு நிறுத்தணும்னா நிறுத்துங்க. அதையும் எழுத்துல குடுங்க. ஏழு நாள் ஃப்ரீசர்ல வெச்சுட்டுப் படிச்சுக்கறேன். ஆனா ஒருதரம் குப்பைன்னு கூட்டித் தள்ளிட்டேன். இன்னொரு தரம் என் கையால முடியாது."

இயக்குநர் குனிந்து விதைகளைப் பார்த்தார். விரல் நுனியால் ஒன்றை நகர்த்தப் போய், என்ன தோன்றியதோ, கையை எடுத்துக்கொண்டார்.

"தாளை வெச்சுட்டுப் போங்க. யோசிக்கிறேன்."

"இரவல் சீட்டுல கையெழுத்து வேணும்."

"நான் இயக்குநர்."

"அதான் சார், யாருகிட்ட இருக்குன்னு தேட வேண்டியதில்ல."

போட்டார். முப்பது நாளில் திருப்பித் தர வேண்டும் என்று சீட்டில் இருந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரியும் இருந்தது: இரவல் போன தாள் திரும்பும்வரை அது இருந்த அலமாரியைக் காலி செய்யவோ இடம் மாற்றவோ கூடாது. அதைப் படித்துவிட்டுப் போட்டாரா, படிக்காமல் போட்டாரா என்பதை விசாரித்து அறிய முடியவில்லை. காவல்காரரிடம் மட்டும் இரண்டு விதமான தகவல் இருக்கிறது.

உத்தரவு ரத்தாகவில்லை. செடிக் கட்டு போலச் சீராகக் காய்ந்து கோப்பில் இருக்கிறது. கூட்டங்கள் மாடிப்படிப் பக்கத்தில் நாற்காலி போட்டு நடக்கின்றன. பசையக்காவும் தற்காலிகமாகத் தொடர்கிறாள்.

ஒரு நாள் தாமதித்த வெளிநாட்டுப் பேராசிரியருக்கே காட்டமாகக் கடிதம் எழுதியவள் அவள். இந்த இரவலுக்கு மாதம் ஒரு நினைவூட்டல் மட்டும் அனுப்புகிறாள். இதுவரை ஏழு. மாடியிலிருந்து 'பரிசீலனையில் உள்ளது' என்று தவறாமல் பதில் வருகிறது, ஏழு நாள் ஃப்ரீசரில் இருந்துவிட்டு.

"நேரா போய்க் கேட்டா குடுத்துடுவாருக்கா," என்றார் காவல்காரர், ஏழாவது நினைவூட்டலை வாங்கிக்கொண்டு.

"கேட்டுக்கிட்டுதானே இருக்கேன்," என்று பசையக்கா அடுத்த தாளுக்குப் பசை தடவினாள்.