மல்லிகை கட்டிய தூண்டில்

இந்த ஊரில் பலகைகள் என்னுடன் தமிழில் பேசுவது பெரும்பாலும் எச்சரிப்பதற்குத்தான். அபாயம், உள்ளே வராதே. வந்த புதிதில் சிராங்கூன் சாலையோரம் ஒரு வேலியில் இதைக் கண்டு, தாய்மொழியைப் பார்த்த பூரிப்பில் கிட்டே போய் நிதானமாகப் படித்து முடித்தேன். முடித்தபோது, போகக்கூடாத இடத்துக்குள் நின்றிருந்தேன். பயந்து வெளியே குதித்தவன் இன்னும் முழுதாகத் தரையிறங்கவில்லை. போதாக்குறைக்கு நிரந்தரவாசத்துக்கு இரண்டாவது முறையாக விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறோம். பதில் வரும்வரை நான் பலமாகத் தும்முவதுகூட இல்லை.

இந்த நிலையில்தான் மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் யாழினி, பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு மீன்பிடிக்கப் போகவேண்டும் என்றாள். அதுவும் ஃப்ளை ஃபிஷிங். புழுவுக்குப் பதிலாக, இறகும் நூலும் கட்டிப் பூச்சிபோல் செய்த தூண்டில் முள். கம்பை முதலில் பின்னால் வீசி, கயிறு முதுகுக்குப் பின்னால் நீண்டு விரிந்த பிறகு முன்னால் வீசவேண்டும். அவளுக்கு அது நடனம். எனக்கோ, பின்னால் ஓடிவரும் ஒருவரின் கண்ணில் முள் மாட்டுவதும், போலீஸ் வருவதும், எங்கள் விண்ணப்பம் குப்பைக்குப் போவதும் வரிசையாகத் தெரிந்தன.

கும்பகோணத்துப் பக்கம் வாய்க்காலில் நானும் மீன் பிடித்தவன்தான். அங்கேயும் பயம் உண்டு. ஆனால் அந்தப் பயங்களுக்கு முகம் இருந்தது. தண்ணீர்ப்பாம்பு, கணக்கு வாத்தியார், வாய்க்கால் மதகுக்காரர். எதிரே வந்தால் ஓடலாம், பிடிபட்டால் கெஞ்சலாம். இங்கே எல்லாரும் புன்னகைக்கிறார்கள். யாரைப் பார்த்து ஓடுவது?

கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் என் மச்சினன் முருகேசனுக்கு அடுத்த ஞாயிறு விடுமுறை. பாசிர் ரிஸ் கடற்கரையில், மீன்பிடிக்க அனுமதியுள்ள இடத்தில் சந்திப்பதாக ஏற்பாடு. நான் போட்ட பாதுகாப்பு நிபந்தனைகளைப் போனில் கேட்டுவிட்டு அவன் சொன்னான்: "மாமா, மீனுதான் உங்களப் பாத்துப் பயப்படணும். நீங்க இப்பவே மீனுக்குப் பயப்படுறீங்களே."

முக்கிய நிபந்தனை, முதலில் முள் இல்லாமல் பழக வேண்டும் என்பது. அதை விளையாட்டாக்கினாள் யாழினி. நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி ப்ளாக்குக்குக் கீழே புல்தரையில் மூன்று பிளாஸ்டிக் வளையங்கள். கயிற்றின் நுனி தூரத்து வளையத்தில் விழுந்தால் அதிக மதிப்பெண். தோற்றவர் பாத்திரம் கழுவவேண்டும். ஆனால் நுனியில் ஏதாவது இருந்தால்தானே எங்கே விழுந்தது என்று தெரியும்? என் மனைவி கலா, காலையில் தேக்கா சந்தையில் வாங்கிய மல்லிகைச் சரத்திலிருந்து ஒரு துண்டைக் கிள்ளிக் கட்டிவிட்டாள். யாருடைய கண்ணையும் குத்தாத தூண்டில் என்று நானும் மெச்சினேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு நான் வீசினேன். நீச்சல் கண்ணாடி வேறு மாட்டியிருந்தேன், பாதுகாப்புக்காக. மல்லிகை என் தலையைச் சுற்றி வந்து வளையத்துக்குள் விழுந்தபோது, எட்டாம் மாடிச் சீனப் பெரியவர் காய்கறிப் பையோடு நடைபாதையில் நிற்பதைக் கண்டேன். பையைக் கீழே வைத்தார். தொப்பியைக் கழற்றினார்.

"பிரேயர், ஆ?" என்று மெல்லக் கேட்டார்.

புகார் கொடுக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். ப்ளாக்குக்குக் கீழே தூண்டில் வீசுவதைவிடச் சாமி கும்பிடுவது பத்திரம் என்று பட்டது. தலையாட்டினேன். குறுக்கே போகாமல், முடியும்வரை நிற்பதாகச் சொன்னார். முடிக்க எனக்குத் தெரியவில்லை. பயத்தில் இன்னொரு முறை வீசினேன்.

"ஏங்க, அவரு கையக் கூப்புறாருங்க," என்றாள் கலா, சிரிப்பை முந்தானையில் அடக்கிக்கொண்டு.

பிறகு அவர் கேட்டதில் அவளுக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. அவருடைய மகள் பெர்த்தில் இருக்கிறாளாம். இங்கே வந்து பல வருஷமாகிறதாம். உங்கள் பிரார்த்தனையில் அவளையும் சேர்க்க முடியுமா என்றார்.

"அப்பா, அங்கிள்கிட்ட சும்மா சொல்லாதீங்க லா," என்றாள் யாழினி, தரையைப் பார்த்தபடி.

இவரைப் போலவே, தூரத்தில் இருக்கும் மகளை நினைத்துக்கொண்டு நானும் உட்கார்ந்திருக்கும் ஒரு நாள் சட்டென்று தெரிந்தது. "சாரி அங்கிள், பிரேயர் இல்லை. ஃபிஷிங் கேம்," என்றேன். மூன்று வளையங்களையும், மல்லிகையையும், என் கண்ணாடியையும் அவர் மாறி மாறிப் பார்த்தார். பின் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து எங்கள் பக்கம் திருப்பினார். விண்ணப்பம், வேலை, யாழினியின் பள்ளி எல்லாம் அந்தப் போனின் சின்னக் கண்ணாடிக்குள் போய்விட்டதாக எனக்குத் தோன்றியது.

"யூ த்ரோ அகெய்ன்," என்றார். "மை டாட்டர், ஸ்மால் டைம், ஐ ஆல்சோ பிரிங் ஹெர் ஃபிஷிங். ஐ சென்ட் ஹெர் ஃபோட்டோ."

யாழினி வீசினாள். அவர் படம் எடுத்தார்.

ஞாயிறன்று பாசிர் ரிஸ்ஸுக்குக் கிளம்பியபோது லிஃப்ட்டில் அவரே இருந்தார். பெர்த்திலிருந்து பதில் வந்துவிட்டதாம். இவர்கள் யார் என்று கேட்டிருக்கிறாள். "ஐ டெல் ஹெர், சேம் ப்ளாக், அவர் பீப்பிள் லா," அதாவது நம் ப்ளாக் ஆட்கள் என்றவர், படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். வெளிநாடு போன ஒரு பெண், தன் ஊர் என்று பார்க்கும் படம் அது. அவளுடைய புல்தரையில், அவளுடைய ப்ளாக்கின் நிழலில், இங்கே இருக்கலாமா என்ற பதில் இன்னும் வராத நாங்கள். யாழினியின் கயிறு வானத்தில் அழகாக வளைந்திருக்கிறது. கலா மேலே பார்த்துச் சிரிக்கிறாள். ஓரத்தில் நான். ஒரு கால் வெறுங்காலாகப் புல்லில் இருக்கிறது. இன்னொரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டு, ஓடத் தயாராக நிற்கிறேன்.