வேலிக்கு வெளியே ஒரு கொடுவா

மீன் சமைப்பது கஷ்டம் என்று சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஒன்றில் அவர்கள் சோம்பேறிகள், அல்லது யாராவது சமைத்துத் தருவார்கள் என்று கதிரையில் காத்திருப்பவர்கள். நெத்தலியைக் கழுவி, மஞ்சளும் உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டிக் கொதிக்கிற எண்ணெயில் போட்டால், சோறு வடிக்கிற நேரத்துக்குள் பொரியல் தயார். கணவாயைப் பத்து நிமிடத்தில் இறக்கிவிட வேண்டும். தவறவிட்டால் ஒரு மணித்தியாலம் அடுப்பிலேயே கிடக்கட்டும். இடையில் இறக்கினால் சைக்கிள் ரியூப்பைத்தான் மெல்ல வேண்டிவரும். இதற்கு மேல் அதில் ஒரு வித்தையும் இல்லை.

நான் நெடுங்கேணியில் வயல் செய்கிறவன். மனைவி பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். காலை ஏழு மணிக்கு ஸ்கூட்டியில் புறப்பட்டால் இரண்டு மணிக்குப் பிறகுதான் வீடு. எங்களோடு இருக்கிற அம்மாவுக்குச் சைவச் சமையலில் யாரும் கிட்ட நிற்க முடியாது. மீன் வெட்டினால் மட்டும் வயிற்றைப் பிரட்டும் என்பார். சாப்பிடும்போது அந்த வயிறு ஒரு நாளும் பிரட்டியதில்லை. இப்படியாகத்தான் எங்கள் வீட்டு மீன்சட்டி என் கைக்கு வந்தது.

அந்தச் சட்டிக்குச் செவ்வாயும் வெள்ளியும் விடுமுறை. மீன், இறைச்சி, முட்டை எல்லாவற்றுக்கும் சேர்த்து அம்மா வைத்திருக்கும் ஒரே பெயர் மச்சம். வியாழன் இரவே சட்டி சாம்பல் போட்டுத் தேய்க்கப்பட்டு, உழவு இயந்திரம் நிற்கிற கொட்டிலுக்குப் போய்விடும். வெள்ளிக்கிழமை பிரிட்ஜைத் திறந்தால் பிள்ளையாருக்குக் கொண்டுபோகிற பாலும் பூவும்தான் இருக்கும். வேலிக்குள்ளே மச்சம் வரக்கூடாது என்பது சட்டம். அதே அம்மா சனிக்கிழமை காலையில் மீன்காரரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும், முழங்கால் வருத்தத்தை மறந்து, எனக்கு முன்னால் வேலி வாசல் படலையில் நிற்பார்.

மனைவி கொக்கிளாய்க் கடற்கரைப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். கோயிலிலும் இல்லை, தேவாலயத்திலும் இல்லை என்று முடிவாகி, பதிவு அலுவலகத்தில்தான் எங்கள் கல்யாணம் நடந்தது. இரண்டு தாய்மாரும் வந்தார்கள். ஒருவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார், மற்றவர் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒரு சொல் பேசவில்லை. அதன் பிறகு இரண்டு வருடமாக மாமி எங்கள் வீட்டுக்கு வரவுமில்லை, ஏன் வரவில்லை என்று அம்மா கேட்கவுமில்லை.

போன வருடம், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் ஒருநாள் மாமி தொலைபேசியில் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை மாமா கடலுக்குப் போகமாட்டார், அன்றைக்குத்தான் தனக்கும் ஓய்வு, காலை வந்துவிட்டுப் பின்னேரச் சிலுவைப்பாதைச் செபத்துக்கு முன் திரும்பிவிடலாம் என்றார். நான் சந்தோஷத்தில் வாயை அடக்கியிருக்கலாம். அடக்கவில்லை.

"ஆனா ஒண்டு மாமி. வெள்ளிக்கிழமை அம்மா கண்டிப்பு. இறைச்சி கிறைச்சி ஒண்டும் கிடையாது. குறை நினைக்காதேங்கோ."

"அட, நாங்களும் அப்பிடித்தானே தம்பி. தவக்காலத்து வெள்ளியில நாங்களும் இறைச்சி தொடமாட்டம்."

இரண்டு சமயத்தையும் நானே சேர்த்து வைத்த பெருமையோடு தொலைபேசியை வைத்தேன். இறைச்சி தொடாத அந்த வெள்ளிகளில் கடற்கரைச் சனம் எதைச் சாப்பிடும் என்று ஒரு கணம் யோசித்திருந்தால் இதை எழுத வேண்டி வந்திராது.

அந்த வெள்ளி காலை, தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டே மனைவி சொன்னாள்: "இஞ்சருங்கோ, எங்கட அம்மா முதல்முதலா வாறா. அவா முகம் சுருங்கித் திரும்பிப் போனா, இனி இந்தப் பக்கம் வரமாட்டா. எனக்கு அவாவைத் தெரியும். நான் லீவு கேட்டும் தரேல்ல. நீங்கள்தான் பார்க்கவேணும்."

"நான் இருக்கிறன்தானே," என்றேன். அவள் பார்த்த பார்வையில் அதுதான் அவளுடைய பயம் என்று தெரிந்தது.

பத்து மணிக்கு மாமி வந்து இறங்கினார். கையில் ஒரு பெரிய பை, அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். அம்மா தலை முழுகி, திருநீறு பூசி, வாசலில் நின்று "வாங்கோ" என்றார். ஒரு சொல்தான், ஆனாலும் இரண்டு வருடத்தில் முதல் சொல். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மாமியும் சிரித்தபடி பையை வாசல் நிலத்தில் வைத்து, அம்மாவுக்கு முன்னாலேயே அவிழ்த்தார்.

"வெள்ளிக்கிழமை எண்டபடியால் மீனாப் பார்த்துக் கொண்டந்தனான். விடியத்தான் களப்பில பக்கத்து வீட்டுக்காரரின்ர வலையில பட்டது."

ஐஸ் கட்டிகளுக்கு நடுவே என் முழங்கை நீளத்துக்கு ஒரு கொடுவா, வாயைத் திறந்தபடி அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு பொட்டலம் இறால்.

அம்மா ஓரடி பின்னால் போனார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். மாமி அம்மாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு மீனைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது.

"மீனும் இல்லையோ தம்பி? நீங்கள் இறைச்சி எண்டுதானே சொன்னனீங்கள்." குரல் இறங்கிப்போயிருந்தது. "நான் பிழை விட்டிட்டன். அடுத்த பஸ்ஸில திருப்பிக் கொண்டு போறன்."

அடுத்த பஸ் மூன்றரைக்கு. அந்த வெயிலுக்கு மீன் முல்லைத்தீவு போய்ச் சேரும் முன்பே பஸ்ஸில் இருப்பவர்கள் இறங்கி நடப்பார்கள். பிரிட்ஜில் வைப்பதைப் பற்றி அம்மாவிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. நாய்க்குப் போடலாம் என்றால் மாமி உயிருள்ளவரை மன்னிக்கமாட்டார். நானும் என்னை மன்னிக்கமாட்டேன், அது கொடுவா. அப்போதுதான் எனக்கு அந்த அருமையான யோசனை வந்தது. என் யோசனைகளை அருமை என்று நான்தான் சொல்வது.

"வேலிக்குள்ளதானே மச்சம் கூடாது," என்றேன். "வேலிக்கு வெளிய?"

அம்மா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதற்கு ஓம் என்றுதான் அர்த்தம்.

ஐந்து நிமிடத்தில் வீட்டுக்கு வெளியே போகிற ஒழுங்கையில், வேப்பமரத்துக்குக் கீழே, வேலியோடு சேர்த்து அடுப்புக்கு மூன்று கல் வைத்தேன். கொட்டிலிலிருந்து மீன்சட்டி வந்தது. மாமி முதலில் தயங்கினார். கத்தியைக் கையில் எடுத்ததும் தயக்கம் போய்விட்டது. நான் அரை மணித்தியாலம் மல்லுக்கட்டுகிற வேலை, செதில் உரித்து, தலையைப் பிளந்து, துண்டு போட்டு, எல்லாம் நான் வெங்காயம் உரித்து முடிப்பதற்குள் முடிந்தது. வதக்குவது தாளிப்பது ஒன்றும் கிடையாது. சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், தூள், புளி எல்லாவற்றையும் சட்டியில் ஒன்றாகக் கரைத்து மீனைப் போட்டு அடுப்பில் வைத்தார். கொதித்ததும் தேங்காய்ப்பால், அவ்வளவுதான். நான் சுலபம் என்று இதுவரை பீற்றிக்கொண்டதெல்லாம் வீண் அலட்டல் என்று தெரிந்தது.

கறி கொதிக்கத் தொடங்கியபோது வேலிக்கு மறுபக்கம், அதில் கட்டியிருந்த தென்னங்கிடுகு சரசரத்தது.

"புளி கூடப்போல கிடக்கு," என்றது வேலி.

மாமி என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன்.

"பால் விட்டா அடங்கியிடும்," என்றார் மாமி, வேலியைப் பார்த்து.

"விரதத்தில மணக்கலாமோ அம்மா?" என்று கேட்டேன்.

"மூக்கைக் கழட்டியே வைக்கிறது? நீ உன்ர வேலையைப் பார்." பிறகு கிடுகில் விழுந்திருந்த ஓட்டைக்குள்ளால் ஒரு கை வந்தது. கையில் ஒரு நெட்டுக் கறிவேப்பிலை. "இது மச்சமில்லைத்தானே. போடச் சொல்லு."

மாமி அதை வாங்கிச் சட்டியில் உருவிப் போட்டார். வாய் மூடிச் சிரிப்பதை நான் கண்டேன். பிறகு இரண்டு பேரும் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் குந்தியிருந்து, களப்பில் இப்போது இறால் குறைந்துவிட்டதைப் பற்றியும், யானை வந்து வயலை மிதித்ததைப் பற்றியும் கதைக்கத் தொடங்கினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இனி என்னை யாரும் எதிலும் குறை சொல்ல முடியாது என்று நினைத்துக்கொண்டு இறாலைப் பிரட்டினேன்.

அந்த நேரம் பார்த்து ஸ்கூட்டி வந்தது. விளையாட்டுப்போட்டிக்கு மைதானம் துப்புரவாக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தை நேரத்தோடு விட்டிருக்கிறார்கள். மனைவி ஒழுங்கை முகப்பில் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. எங்களுக்குக் கிட்ட வந்து, மிக மெதுவாகக் கேட்டாள்.

"எங்கட அம்மாவை வேலிக்கு வெளியயோ இருத்தினனீங்கள்?"

மீன், வெள்ளிக்கிழமை, பிரிட்ஜ், எல்லா நியாயமும் என்னிடம் இருந்தது. ஆனால் எங்கள் பெரியவர்கள் யார் யாரை வேலிக்கு வெளியே, ஒழுங்கையில் இருத்தி, பூவரசம் இலையில் சோறு போட்டார்கள் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. கடற்கரையில் இருந்து வந்தவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நான் என் கெட்டித்தனத்தில், மனைவியின் தாயை, முதல்முதலாக வந்த அன்றைக்கு, அதே இடத்தில் குந்த வைத்திருக்கிறேன். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கத்தில் காது சுட்டது.

"பிள்ளை, ஒண்டுமில்லை, நான்தான்..." என்று மாமி எழும்பப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டிருந்தது. அவருக்கும் அது இப்போதுதான் தோன்றியது போல, சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

வேலிக்கு அந்தப் பக்கம் கிடுகு சரசரத்து, காலடிச் சத்தம் விலகிப் போனது. அம்மா உள்ளே போய்விட்டார் என்று நினைத்தேன். போய்த்தான் இருந்தார். திரும்பி வந்தபோது கக்கத்தில் பாய் இருந்தது, இரண்டு கையிலும் சோற்றுப்பானை. படலையைக் காலால் தள்ளித் திறந்துகொண்டு ஒழுங்கைக்கு வந்தார். வெள்ளிக்கிழமை முழுகிய ஈரத் தலையோடு, மீன்சட்டிக்கு இரண்டு முழத் தூரத்தில் பாயை விரித்து, அதில் உட்கார்ந்தார்.

"போய்ப் பருப்பையும் கத்தரிக்காயையும் எடுத்துக்கொண்டு வா," என்றார் என்னிடம். பிறகு மாமியின் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினார். "இருங்கோ. எல்லாரும் இஞ்சயே இருந்து சாப்பிடுவம்."

நான் ஓடினேன். திரும்பி வந்தபோது மனைவி தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, தன் தாய்க்கும் என் தாய்க்கும் நடுவில் இருந்தாள். அம்மாவின் தட்டில் பருப்பு, மற்றவர்கள் தட்டில் கொடுவா. மாமி தன் தட்டைக் கொஞ்சம் அப்பால் தள்ளி வைத்தார், அம்மாவில் படக்கூடாது என்று. அம்மா அதை இழுத்துப் பழையபடி கிட்ட வைத்தார்.

யார் வரக்கூடாதோ அவர்தான் வந்தார். கோயில் நிர்வாகத் தலைவர், மோட்டார் சைக்கிளில், மத்தியானப் பூசைக்குப் பால் கானோடு. பிள்ளையார் கோயிலில் மாலை கட்டுகிற பெண்களுக்கு அம்மாதான் தலைவி. அவருக்கு முன்னால் அம்மா தும்முவதற்குக்கூட யோசிப்பார். அவர் மெதுவாக்கி, காலை ஊன்றி நின்று, சட்டியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"என்னக்கா, வெள்ளிக்கிழமையும் அதுவுமா, றோட்டில?"

அம்மா வாயில் இருந்த சோற்றை விழுங்கிவிட்டு, தலையை நிமிர்த்தினார்.

"எங்கட சம்மந்தி வந்திருக்கிறா," என்றார். "கொக்கிளாயில இருந்து. முதல்முதலா எங்கட வீட்டை வந்தவா."

சம்மந்தி என்ற சொல்லை அம்மா சொல்லி நான் கேட்டதில்லை. மனைவி தட்டில் இருந்த மீனைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். முள்ளே இல்லாத துண்டு அது.

மாமி தொண்டையைச் செருமிக்கொண்டு, "இறங்குங்கோ தம்பி, ஒரு வாய் சாப்பிட்டிட்டுப் போங்கோ," என்றார், மிகவும் மரியாதையாக. தலைவர் பால் கானைப் பிடித்துக்கொண்டு பறந்துவிட்டார். அம்மா சிரித்த சிரிப்பில் புரைக்கேறி, மாமிதான் உச்சியில் தட்டித் தண்ணீர் கொடுத்தார்.

மூன்று மணியாகியிருக்கும். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று மாமி எழும்பினார். சட்டியில் பாதிக் கறி இருந்தது, கொடுவாத் தலையை ஒருவரும் தொடவில்லை. அம்மா சட்டியை எட்டிப் பார்த்தார்.

"சிலுவைப்பாதைக்குப் போகாட்டி ஏதும் குற்றமோ?" என்று கேட்டார்.

"குற்றமெண்டில்லை," என்றார் மாமி. "ஏன்?"

"நாளைக்குச் சனிக்கிழமை. இரவு இந்தச் சட்டியைக் கொட்டிலுக்குள்ள வைப்பம். விடிய நீங்களே என்ர குசினிக்குள்ள கொண்டந்து சூடாக்குங்கோ. நான் பிட்டு அவிக்கிறன்."

மாமி தோளில் மாட்டியிருந்த கைப்பையைக் கழற்றி, உள்ளே கொண்டுபோய் வைக்கச் சொல்லி, மகளிடம் கொடுத்தார்.