கேமரா கடைசியில்தான்

எங்கள் தி. நகர் ஜவுளிக்கடையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர் ஷம்ஷாத். மாடியில் ஒரே சர்வர். அதற்குள் பில்லிங், சரக்கு, கேமராப் பதிவு என மூன்று வர்ச்சுவல் மெஷின்கள், அதாவது ஒரே பெட்டிக்குள் தனித்தனியாக ஓடும் மூன்று கம்ப்யூட்டர்கள். எதையும் அவர் பிளக்கைப் பிடுங்கி நிறுத்தமாட்டார். அணையச் சொல்வார், அது வேலையைச் சேமித்துவிட்டுத் தானாக அணையும்வரை காத்திருப்பார்.

அன்று முதலாளியின் தம்பி பூதலிங்கம் கடை தனக்கே வேண்டுமென்று இரும்புக் கம்பியோடு வந்து, சர்வர் அறையிலேயே அண்ணனின் முழங்காலை உடைத்தான். சுவரிலிருந்த கேமராவைப் பார்த்ததும் சர்வரின் பிளக்கில் கை வைத்தான். ஷம்ஷாத் அவன் கையைத் தட்டிவிட்டார். கம்பி அவர் உதட்டைக் கிழித்தது.

"புடுங்குனா கணக்கெல்லாம் பூடும். நாளைக்கு நீதானே கடைய நடத்தணும்? இரு, நானே நிறுத்தறேன்."

பேராசை பிடித்த நாய், கையை எடுத்தான்.

பில்லிங் அணைந்தது. சரக்கு அணைந்தது. காத்திருக்கப் பொறுக்காமல் பூதலிங்கம் அண்ணனின் கையையும் முறித்தான். கேமராவைக் கடைசியில்தான் அணைத்தார் ஷம்ஷாத்.

போலீஸ் நிலையத்தில் பதிவைப் பார்த்த பூதலிங்கம், "எல்லாத்தையும் நிறுத்தினியே," என்றான்.

ஷம்ஷாத் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டார். "நிறுத்தினேன். நீ புடுங்கியிருந்தா பதிவு பாழாப் போயிருக்கும்டா."